ஆறாவது இலை

அசனத்தன்று முதல் பந்தியின் ஆறாவது இலையருகே இருந்தவர்கள் இவர்கள்: சேகர குருவானவர் ஆசீர் ஐயர். கோயில் கமிட்டிச் செயலாளர் பொன்னுராஜ். சோற்று வாளியோடு என் பின்னால் வந்த சிவபாண்டி. எங்கள் தறிப்பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்ப்பவன். என் மருமகள் இந்து. ஐந்தாவது இலையில் நாகஜோதி, ஏழாவது இலையில் காளீஸ்வரி. இருவரும் நூல் மில்லில் வேலை செய்பவர்கள், சபைக்குப் புதியவர்கள். ஆறாவது இலையில் சுந்தரபாண்டியத்துத் தங்கப்பாண்டியன். பின்னால் அவனைத் தாங்கிப் பிடித்தபடி அவன் மனைவி மாரிக்கனி. பிறகு நான், வேதமாணிக்கம். பந்தலில் நானூறு பேர் இருந்தார்கள். பேசியது காதில் விழும் தூரத்தில் இருந்தவர்கள் இந்த ஒன்பது பேர்தான்.

இராஜபாளையத்தில் எங்கள் கோயிலின் பிரதிஷ்டை பண்டிகை ஆவணியில் வரும். அதோடு அசனம். சபையார் எல்லோரும் ஒரே பந்தலில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அந்த வருடம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு முதல் பந்தியில் முதல் இலைகள். அவர்களுக்கு முதல் சோறு போடுவது எங்கள் வீட்டு மூத்த ஆணின் உரிமை.

கோயில் நிற்கும் இடம் என் தாத்தா எழுதிக் கொடுத்தது. அவர் காலத்தில் ஒரு தெருக்காரர் பக்கத்தில் இன்னொரு தெருக்காரர் உட்கார மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பந்தலுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். தாத்தா அவர்களை உள்ளே அழைத்து வந்து முதல் வரிசையில் வைத்தார். சோறு அள்ளும் அன்னவெட்டியைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். தன் கை பட்ட இலையை எவரும் ஒதுக்க முடியாது என்றார். அந்த இலைகளில் எங்கள் வீட்டுக் கை முதலில் படாமல் வேறு எவரும் எதையும் பரிமாறக் கூடாது என்பதும் அவர் வைத்த கட்டு. எல்லா இலையிலும் சோறு விழுந்த பிறகுதான் ஐயர் ஜெபம் செய்வார். ஜெபம் முடியாமல் யாரும் சாப்பிடத் தொடங்குவதில்லை.

தாத்தாவுக்குப் பிறகு அப்பா போட்டார். அவருக்குப் பிறகு நான். எனக்குப் பிறகு என் மகன் பெலிக்ஸ் போட்டிருக்க வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதத்து மாலையில், பெலிக்ஸ் பிளவக்கல்லில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். எதிரே வந்த ஜீப் அவனை அடித்துத் தள்ளியது. ஆடு பத்திக்கொண்டு போன ஒரு பெண் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஜீப்பை ஓட்டியவன் இறங்கினான், குனிந்து பார்த்தான், கொஞ்ச நேரம் நின்றான், பிறகு ஏறிப் போய்விட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் பெலிக்ஸுக்கு உயிர் இருந்தது.

ஜீப் தங்கப்பாண்டியனுடையது. மறுநாள் அவன் டிரைவர், தானே ஓட்டியதாகச் சொல்லி ஸ்டேஷனில் ஆஜரானான். அந்தப் பெண் என் வீட்டு வாசலில் நின்று சொன்னதை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்து சொல்லவில்லை. டிரைவருக்குத் தண்டனை விழுந்தது. தங்கப்பாண்டியன் கடைசி பெஞ்சில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான். வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான், அவ்வளவுதான். மகன் போனது ஒரு துக்கம். எங்கள் குடும்பத்தின் முகத்துக்கு நேரே ஒருவன் பொய்யை வைத்துவிட்டுப் போனதும், நாங்கள் அதை வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பியதும் வேறு.

அன்றிலிருந்து கோயிலில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது ஒரு வரிக்கு மட்டும் நான் வாய் திறப்பதில்லை. எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களை மன்னிக்கிறதுபோல என்று வரும் வரி அது. சபையாருக்கும் தெரியும். வீட்டில் வேறொரு ஜெபம் செய்து வந்தேன். அவனுக்குக் கை விளங்கக் கூடாது, கால் விளங்கக் கூடாது, பொய்யை ஏவிய நாக்கு எழக் கூடாது என்று ஒரு நாளும் தவறாமல் கேட்டேன்.

இந்த வருடம் தை மாதம் தங்கப்பாண்டியனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பாதி நாக்கு. கேட்டது கேட்டபடியே கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தேன். எங்கள் கோயிலில் காணிக்கையை அதன் காரணத்தோடு பலிபீடத்தின் முன் வாசிப்பார்கள். "பெயர் சொல்ல விரும்பாத ஒருவர், கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததற்காக" என்று ஐயர் வாசித்தார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நான் சத்தமாகச் சொன்னேன்.

இந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். பெலிக்ஸ் போன பிறகு படித்து வேலைக்குப் போனாள். மாசி மாதம் ஒரு சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்.

"மாமா, தங்கப்பாண்டியன மதுரையிலேருந்து இங்க மாத்திட்டாக. எங்க வார்டுலதான் கெடக்காரு."

"கெடக்கான்னு சொல்லு."

அவள் திருத்திச் சொல்லவில்லை.

"லீவு போடு" என்றேன்.

"எம்புட்டு நாளைக்கு மாமா போட? அவரு எந்திரிக்கதுக்கு ஆறு மாசம் ஆகும்கறாக."

"எந்திரிக்கவா போறான்?"

"எந்திரிச்சிருவாருன்னுதான் நெனைக்கேன். தெனமும் காலப் புடிச்சு நடக்க வைக்கோம்."

அவள் கையால் அது நடக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பங்குனியில் அடுத்த செய்தி வந்தது.

"மாமா, ஒங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். அவரு ஜெபம் பண்ணச் சொன்னாரு."

"யார?"

"என்னயத்தான். நான் யாரு வீட்டு மருமகள்னு தெரிஞ்சிதான் கேட்டாரு."

"நீ என்ன செஞ்ச?"

"மாத்திர குடுக்கது டூட்டி. முதுகுல புண்ணு வராம பெரட்டிப் போடுதது டூட்டி. ஜெபம் டூட்டி இல்ல. ஆனாலும் பண்ணிட்டேன்."

"பெலிக்ஸ் பேரச் சொல்லியா?"

"அவுக பேரச் சொல்லித்தான் மாமா."

மூன்று நாள் நான் அவளிடம் பேசவில்லை. அவளும் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் வேலைக்குப் போய் வந்தாள். அந்த மூன்று நாளும் ஒரே யோசனைதான். நான் கேட்டதால் அவன் விழுந்தான். விழுந்ததால் அந்தக் கட்டிலுக்கு வந்தான். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் என் வீட்டுப் பெண் நின்றாள். ஒன்பது வருடம் முழங்காலில் நின்று அவனுக்கு நானே வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், அதை அவனுக்குக் கொடுத்துவிட்டார். இதை யாரிடம் போய் முறையிடுவது?

வைகாசியில் ஆசீர் ஐயர் பட்டறைக்கு வந்தார். பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டிருந்தது. நான் தறியை நிறுத்தச் சொல்லவில்லை. சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, தங்கப்பாண்டியனுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிலயே வச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே ஐயா."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீக?"

"கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அறுந்த பாவு நூலை முடிச்சிட்டுக்கொண்டிருந்த சிவபாண்டி தலையைத் திருப்பிக்கொண்டான். சிரித்திருப்பான்.

"தை மாசம் பேரு போடாம ஒரு காணிக்க வாசிச்சீக" என்றேன். "அது நான் வச்சது. அவனுக்குக் கை கால் விழுந்ததுக்கு வச்சது."

"நானும்லா அதுக்கு ஆமென் சொன்னேன்" என்றார் ஐயர்.

"எம்மவனுக்கு அந்த நாப்பது நிமிசத்துல ஒரு ஒதவி குடுத்திருக்கலாம் ஆண்டவரு. பத்து நிமிசத்துல ஒரு வண்டி அந்த வழியா வந்திருந்தாப் போதும். இவனுக்கு ஒம்போது வருசத்தையும் குடுத்து, கட்டிலையும் குடுத்து, எம் மருமவளையும் குடுத்திருக்காரு. இதுக்கு என்ன பேரு?"

"அண்ணாச்சி, அசனத்துல அவருக்கு எல போடணும். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

அவர் போனதும் பொன்னுராஜ் வந்தான். இதற்காகவே தெருமுனையில் காத்திருந்தான் போலும்.

"ஒடம்பு சொகமில்லன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. இந்த ஒரு வருசம் எங்க வீட்ல போடுதோம். ஒங்களுக்கும் கவுரவம் கொறையாது."

"ஒன் வீட்ல கை இருக்குன்னு ஊருக்கே தெரியும் பொன்னுராஜ். முப்பது வருசமா நீட்டிக்கிட்டுத்தான இருக்கு."

"நல்லதுக்குச் சொன்னேன். நீங்க பாட்டுக்கு அவன் எலயில போட்டா ஊரு என்ன சொல்லும்? மவனக் கொன்னவனுக்குச் சோறு போட்டாருன்னு சொல்லும். போடலன்னா, தாத்தா வச்ச மொறையப் பேரன் கெடுத்தாருன்னு சொல்லும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொன்னாலும் கணக்குத் தப்பாகச் சொல்லவில்லை. அன்னவெட்டியை ஒரு வருடம் விட்டால் அது திரும்ப எங்கள் வீட்டுக்கு வராது. விடாவிட்டால் பெலிக்ஸின் சாவுக்கு என் கையால் நானே முடிவு கட்டியதாக ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றியது. வரிசையில் போடும்போது அவன் இலையைத் தாண்டிப் போய்விட வேண்டியது. நான் ஒரு முறை போட்டு நகர்ந்ததும் பின்னால் வரும் சிவபாண்டி இரண்டு முறை போட்டு இலையை நிரப்புவது வழக்கம். அந்த இலையையும் அவன் நிரப்பிவிடுவான். யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் போட்டதாகவும் இருக்காது, பந்தி கெட்டதாகவும் இருக்காது. சிவபாண்டியிடம் இதைச் சொல்லவில்லை. இருபது வருடம் என்னோடு இருப்பவனுக்குச் சொல்லாமலே புரியும் என்று எண்ணினேன்.

அசனத்தன்று அந்த வருடத்துப் புதியவர்களுக்கு ஒன்பது இலை விரித்திருந்தார்கள். தங்கப்பாண்டியனை ஆட்டோவில் கொண்டுவந்து, இரண்டு பேர் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். நாற்காலி போடுகிறோம் என்று ஐயர் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தான். ஆள் பாதியாக வற்றியிருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மாரிக்கனி நெற்றியில் குங்குமத்தோடு அவன் முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தாள். "எனக்கு எல வேண்டாம்யா, இவுகளுக்குத்தான்" என்று இலை போட்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு கையில் சின்னச் சோற்றுச் சட்டியும் மறு கையில் அன்னவெட்டியுமாக நான் முதல் இலையிலிருந்து தொடங்கினேன். ஐந்தாவது இலையில் போட்டேன். ஆறாவதைத் தாண்டி ஏழாவதில் போட்டேன்.

"தாத்தா, இங்கன ஒரு எல விட்டுப்போச்சு" என்றாள் நாகஜோதி. அவளுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. நான் எட்டாவதுக்குப் போனேன்.

"ஏட்டி காளீஸ்வரி, நீயாச்சும் செத்த சத்தமாச் சொல்லு. அவியளுக்குக் காது கேக்கல போல."

சட்டியில் மிச்சம் இருந்ததை ஒன்பதாவதில் போட்டுவிட்டுத் திரும்பினேன். சிவபாண்டி ஆறாவது இலைக்கு முன்னால் வாளியோடு நின்றான். இலை வெறுமையாக இருந்தது.

போடு என்று கண்ணைக் காட்டினேன்.

"மொதலாளி, ஒங்க கை படலயே" என்றான் மெதுவாக.

"நீ போடுலே."

"அது எப்படி மொதலாளி?"

அவன் எங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். ஆனால் இருபது வருடம் என் பின்னால் வந்து, தாத்தா வைத்த கட்டு இன்னது என்று என் வாயாலேயே கேட்டவன். அதை மீறுவதற்கு அவன் துணியமாட்டான் என்பதை நான் நினைக்காமல் போனேன்.

ஐயர் ஜெபத்துக்குக் கையை உயர்த்தவில்லை. கறிக்குழம்பு வாளிகளோடு வந்தவர்கள் பந்தல் ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். பேச்சுச் சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது.

பெண்கள் பக்கத்திலிருந்து இந்து எழுந்து வந்தாள். என் கையிலிருந்து அன்னவெட்டியை வாங்கத்தான் வருகிறாள் என்று அதை இறுக்கிப் பிடித்தேன். அவள் என்னிடம் வரவில்லை. மாரிக்கனிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தங்கப்பாண்டியனின் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னயத் தூக்கு" என்றான் அவன் மனைவியிடம். சொற்கள் உடைந்துதான் வந்தன. நான் சேர்த்து எழுதுகிறேன். "அவிய போடாண்டாம். நான் போயிருதேன்."

"இருங்க. செத்த நேரம் இருங்களேன்" என்று அவள் அழுதாள்.

அவன் என்னைப் பார்த்தான்.

"நாந்தான் ஓட்டிட்டு வந்தேன் ஐயா. டிரைவர் இல்ல. எறங்கிப் பாத்தேன். ஒங்க மவன் தண்ணி கேட்டாரு. ஜீப்புல தண்ணி இருந்துச்சு. குடுக்கல."

கோர்ட்டில் எவரும் சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். நாகஜோதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். நான் இந்துவைப் பார்த்தேன். அவள் முகத்தில் புதிதாக எதையும் கேட்ட மாற்றம் இல்லை.

பொன்னுராஜ் என் காதருகே குனிந்தான். "அண்ணாச்சி, இத்தன பேரு கேட்டுருக்கோம். இது போதும். வக்கீலப் பாப்போம்."

அந்த வாக்குமூலத்துக்காக ஒன்பது வருடம் காத்திருந்தேன். அதைக் கேட்டால் என்னவோ தீரும் என்றிருந்தேன். எதுவும் தீரவில்லை. பெலிக்ஸுக்குத் தாகம் எடுத்திருந்தது என்பது மட்டும் புதிதாகத் தெரிந்தது.

தங்கப்பாண்டியன் இடது கையை ஊன்றி எழப் பார்த்தான். கோரைப்பாயில் கை வழுக்கிப் பக்கவாட்டில் சரிந்தான். தண்ணீர் டம்ளர் உருண்டது. இரண்டு பெண்களும் அவனை நிமிர்த்தினார்கள். அவன் மறுபடியும் கையை ஊன்றினான். எப்படியும் எழுந்து போய்விடுவது என்றிருந்தான்.

எங்கள் கை போடும் பந்தியிலிருந்து இதுவரை ஒருவரும் சோறில்லாமல் எழுந்து போனதில்லை. தாத்தா காலத்தில் இல்லை, அப்பா காலத்தில் இல்லை. என் காலத்தில் ஒருவன் போனான் என்று ஆகும். இதைத்தான் அப்போது நினைத்தேன். வேறு காரணம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

"உக்காரு" என்றேன்.

அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. அவன் கையை எடுத்தான். சிவபாண்டி வாளியை உயர்த்திப் பிடித்தான். அள்ளி ஆறாவது இலையின் நடுவில் போட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. ஐயர் கையை உயர்த்தி ஜெபம் செய்தார். ஆமென் சொல்லும் சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை.

அவன் வலது கையால் சாப்பிட முயன்றான், முடியவில்லை. இடது கையால் எடுத்தான். பாதி வேட்டியில் விழுந்தது. இந்து குழம்பை ஊற்றிப் பிசைந்து கொடுத்தாள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. அன்னவெட்டியைச் சிவபாண்டியிடம் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்து மாலையில் வந்தாள்.

"சாப்பிடலியா மாமா?"

"தண்ணி கேட்டது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பங்குனில. ஜெபம் பண்ணச் சொன்ன அன்னைக்கே சொல்லிட்டாரு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க அதுக்குப் பொறவு எப்படி மாமா ஒரு வாய்த் தண்ணி குடிப்பீக?"

அவள் சொன்னது சரிதான். இப்போது ஒவ்வொரு முறையும் செம்பைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் குடிக்கிறேன். அவளும் ஐந்து மாதம் அப்படித்தான் குடித்திருப்பாள். நான் கவனிக்கவில்லை.

கோர்ட்டுக்கு வந்து சொல்லவும், எழுதிக் கையெழுத்துப் போடவும் தங்கப்பாண்டியன் தயாராக இருப்பதாக ஐயர் வந்து சொன்னார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கோயிலில் அந்த வரி வரும்போது இப்போதும் வாயை மூடிக்கொள்கிறேன். தங்கப்பாண்டியன் நான்கு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து, குழறிய நாக்கால் அதைச் சொல்வது எனக்குக் கேட்கிறது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகும் அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இராஜபாளையத்திலும் சுந்தரபாண்டியத்திலும் ஒரு பேச்சு நடக்கிறது. நான் அவன் இலையில் இரண்டு முறை சோறு போட்டேன் என்றும், இரண்டாவது முறை பெலிக்ஸின் பெயரைச் சொல்லிப் போட்டேன் என்றும் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. நான் எவர் பெயரையும் சொல்லவில்லை. மற்ற எட்டு இலைகளிலும் போட்டதுபோல ஒரு முறைதான் போட்டேன்.